முதன்முறையாகக் கோழிக்குஞ்சுகள் வீட்டுக்கு வருகின்றன; பயமாக இருக்கிறது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை காலையில் ஒரு நாள் வயதுடைய ஆறு கோழிக்குஞ்சுகளை வீட்டுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்திருக்கிறேன். கோழி வளர்க்க வேண்டும் என்பது எனக்குப் பல ஆண்டுகளாக இருந்துவரும் ஆசை. ஆனால் நாள் நெருங்க நெருங்க ஆசை பின்னுக்குப் போய், பயம் முன்னால் வந்து நிற்கிறது. இதற்கு முன் நான் ஒரு பறவையையும் வளர்த்ததில்லை. கையில் தூக்கிப் பார்த்ததுகூட இல்லை.

இரண்டு வாரங்களாகக் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துவிட்டேன். படித்ததால் துணிவு வந்திருக்க வேண்டும், வந்ததோ குழப்பம்தான். ஓரிடத்தில் 35 டிகிரி வெப்பம் வேண்டும் என்கிறார்கள், இன்னோரிடத்தில் 32 போதும் என்கிறார்கள். குளிரில் இறந்துவிடும், சூட்டில் இறந்துவிடும், தண்ணீர்த் தட்டில் விழுந்து இறந்துவிடும், எச்சம் அடைத்து இறந்துவிடும் என்று எதைப் படித்தாலும் அதில் ஒரு சாவு இருக்கிறது. நேற்று இரவு பெட்டிக்குள் விளக்கைப் போட்டுவிட்டு, குஞ்சே இல்லாத அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு மணி நேரம் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் என் நிலை உங்களுக்குப் புரியும்.

ஓர் அகலமான அட்டைப்பெட்டி, கிளிப் போட்டு மாட்டும் வெப்ப விளக்கு ஒன்று, சுவரில் தொங்கவிடும் வெப்பமானி, தீவனத் தட்டு, தண்ணீர்த் தட்டு, கீழே விரிக்கச் செய்தித்தாள் ஆகியவற்றை வாங்கி வைத்திருக்கிறேன். குஞ்சுகளை எடுத்துக்கொண்டு வீடு வந்துசேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் தண்ணீர் இல்லாமல் தாங்குமா? இரவில் எத்தனை முறை எழுந்து பார்க்க வேண்டும்? நடு இரவில் மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது? எங்கள் மகளுக்கு நான்கு வயது. ஆறு குஞ்சுகளுக்கும் இப்போதே பெயர் வைத்துவிட்டாள், அவளைத் தொடவிடலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, என் கவனக்குறைவால் ஒன்று இறந்துபோனால் அதை எப்படித் தாங்குவது, அவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1

சகோதரி, வணக்கம். பதினைந்து ஆண்டுகளாக வீட்டில் குஞ்சு வளர்க்கிறேன். ஒவ்வொரு முறையும் முதல் நாள் இரவு எனக்கு இன்னும் சரியாக உறக்கம் வருவதில்லை. ஆகவே இந்தப் பயத்தை நினைத்து வெட்கப்பட வேண்டாம். குஞ்சு வருவதற்கு முன்பே பெட்டியைச் சூடாக்கிப் பார்த்த கை நல்ல கை.

பயணத்தைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடுங்கள். முட்டைக்குள் 21 நாள் வளர்ந்த குஞ்சு, வெளியே வருவதற்குச் சற்று முன்பு, எஞ்சியிருக்கும் மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்த இருப்பை வைத்துக்கொண்டு இரண்டு நாள், சில வேளைகளில் மூன்று நாள்வரைகூட, தீவனமும் தண்ணீரும் இல்லாமல் அதனால் தாங்க முடியும். அடைக்கோழியின் கீழே உள்ள முட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பொரிவதில்லை. முதலில் பொரிந்தது, கடைசிக் குஞ்சு வெளிவரும்வரை தாயின் சிறகுக்குள்ளேயே காத்திருக்க வேண்டும் என்பதால் இயற்கை கட்டிக்கொடுத்த சோறு அது. ஒன்றரை மணி நேரம் அதற்கு ஒன்றுமே இல்லை. வழியில் குளிர்காற்று படாமலும், வெயில் நேராக விழாமலும், பெட்டியில் காற்றுத் துளைகள் அடைபடாமலும் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, அதன் அலகின் நுனியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முறை நனைத்துவிட்டுப் பெட்டிக்குள் விடுங்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதை அப்போதே கற்றுக்கொள்ளும். ஒன்று கற்றுக்கொண்டால் மற்றவை அதைப் பார்த்துக் குடிக்கும். தட்டில் கூழாங்கற்களைப் பரப்பி, கற்களுக்கு இடையில் மட்டும் தண்ணீர் தெரியும்படி வைத்தால், உறக்கக் கலக்கத்தில் தலை கவிழ்ந்தாலும் மூழ்காது.

இனி வெப்பம். 35, 32 ஆகிய இரண்டுமே சரிதான். முதல் வாரத்தில் விளக்கின் நேர் கீழே 32 முதல் 35 டிகிரிவரை இருக்கலாம். அதன்பின் வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறைத்துக்கொண்டே வந்து, 21 டிகிரி அளவில் அல்லது அறையின் வெப்பத்தில் நிறுத்திக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரங்களில் குஞ்சால் தன் உடல்சூட்டைத் தானே முழுமையாகக் காத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் நாம் தாயின் இடத்தில் விளக்கை வைக்கிறோம். ஆனால் விளக்கைப் பெட்டியின் நடுவில் தொங்கவிடாதீர்கள். ஒரு மூலைப் பக்கமாக வைத்து, எதிர்ப்பக்கம் குளிர்ச்சியாக இருக்கும்படி விட்டுவிடுங்கள். குளிர்ந்தால் விளக்கடிக்கு வரவும், சூடேறினால் விலகிப் போகவும் குஞ்சுக்கு இடம் இருக்க வேண்டும். இது மட்டும் இருந்துவிட்டால் ஓரிரு டிகிரி கூடுவதும் குறைவதும் பெரிய செய்தியே இல்லை.

வெப்பமானியைப் பார்ப்பதைவிடக் குஞ்சுகளைப் பாருங்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி. விளக்குக்கு நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெருக்கியடித்துக்கொண்டு, கூர்மையான குரலில் விடாமல் கத்தினால் குளிர்கிறது என்று பொருள். பெட்டியின் ஓரங்களுக்கு ஓடி, சிறகைத் தாழ்த்தி விரித்து, அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு மிகுந்துவிட்டது. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து எங்கோ காற்று உள்ளே வருகிறது. கையை அந்த உயரத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். சில தின்றுகொண்டு, சில குடித்துக்கொண்டு, சில விளக்கின் ஓரத்தில் படுத்துக்கொண்டு, இடையிடையே மெல்லிய, இழுத்து நடுங்கும் குரலில் தமக்குள் பேசிக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டு நாள் கேட்டுவிட்டால் அடுத்த அறையில் இருந்தே அந்த இரண்டு குரல்களையும் நீங்கள் பிரித்தறிவீர்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதைச் சொல்லாமல் விட்டு என் தங்கையை நான் அழவைத்திருக்கிறேன். குஞ்சு உறங்குவது சாவைப் போலவே இருக்கும். ஓடிக்கொண்டிருந்தது அப்படியே நின்று, கண் சொக்கி, முகம் கூளத்தில் பதிய, கழுத்தும் கால்களும் ஆளுக்கொரு பக்கம் நீண்டு, சிறகு பரப்பிக் கிடக்கும். உடனே தூக்கி உலுக்காதீர்கள். முதுகுப் பக்கத்தை உற்றுப் பார்த்தால் மூச்சு ஏறி இறங்குவது தெரியும். பெட்டியை விரல்நுனியால் ஒரு தட்டுத் தட்டினால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் விழுந்து உறங்கும். பச்சைக் குழந்தையைப் போல அவற்றுக்கும் உறக்கம் மிகுதி, அதைக் கலைக்க வேண்டாம். முதல் இரவில் இரண்டு முறை எழுந்து பாருங்கள். அமைதியாக இருந்தால் அடுத்த இரவிலிருந்து ஒரு முறை போதும்.

மின்சாரம் நின்றால் அஞ்ச வேண்டாம். புட்டிகளில் சுடுநீர் நிரப்பி, துணியால் சுற்றி, விளக்கிருந்த பக்கத்தில் படுக்க வையுங்கள். பெட்டியின் வாயில் முக்கால் பங்கைப் போர்வையால் மூடி, காற்றுக்குக் கால் பங்கை விட்டுவிடுங்கள். குஞ்சுகள் தாமாகவே புட்டியை ஒட்டி ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளும். நீர் ஆறிவிட்டால் மாற்றினால் போதும்.

எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது உங்கள் விளக்கின் கிளிப்தான். வெப்ப விளக்கு கழன்று காய்ந்த கூளத்தின்மேல் விழுந்தால் சில நிமிடங்களில் தீப்பற்றிவிடும். கிளிப்பை மட்டும் நம்பாமல், மேலே உறுதியான ஓரிடத்திலிருந்து சங்கிலியாலோ கம்பியாலோ தொங்கவிட்டு, ஒன்று அறுந்தாலும் தாங்கும்படி இன்னொரு கட்டும் போட்டுவிடுங்கள். தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி, குஞ்சுகளின் நடத்தையைப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். பல்பு டெஃப்லான் பூச்சு உள்ளதா என்று அதன் உறையில் பார்த்து, இருந்தால் மாற்றிவிடுங்கள். சூடேறும்போது அதிலிருந்து வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும்.

மறுமொழி 2

மேலே சொன்னவரின் ஒவ்வொரு சொல்லையும் வழிமொழிகிறேன். நான் செய்த இரண்டு தவறுகளைச் சொல்கிறேன்; நீங்கள் வாங்கி வைத்திருக்கும் பொருள்களின் பட்டியலில் அந்த இரண்டுமே இருப்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலாவது, செய்தித்தாள். பளபளப்பான தாளின்மேல் குஞ்சின் கால் வழுக்கும். பிறந்த சில நாள்களில் எலும்பும் தசைநாரும் இளசாக இருப்பதால், வழுக்கி வழுக்கிக் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து, நிற்க முடியாமல் போய்விடும். என் முதல் குஞ்சுகளில் ஒன்றுக்கு மூன்றாம் நாளே அப்படி ஆனது. மென்மையான ஒட்டுப்பட்டையால் இரண்டு கால்களையும், நடக்கும் அளவுக்கு இடைவெளி விட்டு, ஒரு வாரம் இணைத்துக் கட்டி வைத்தேன்; தேறிவிட்டது, ஆனால் அந்த ஒரு வாரமும் அது தட்டுக்குப் போக நான்தான் உதவ வேண்டியிருந்தது. மரச்சீவலோ உமியோ மூன்று விரல் கனத்துக்குப் பரப்பி, முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு அதன்மேல் சொரசொரப்பான பழைய துணியை விரித்து, துணியின்மேலேயே கொஞ்சம் தீவனத்தைத் தூவிவிடுங்கள். எது தீவனம், எது கூளம் என்று தெரிந்துகொள்ளும்வரை கண்டதையெல்லாம் கொத்தும் என்பதால் துணி அதற்கும் உதவும். மாவு போன்ற மரத்தூளையும், நெடி வீசும் தேவதாரு வகை மரச்சீவலையும் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, சுவரில் தொங்கும் வெப்பமானி. இதைச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வலிக்கிறது. என் வெப்பமானி பெட்டியின் பக்கச் சுவரில், ஒரு முழ உயரத்தில், விளக்கிலிருந்து தள்ளித் தொங்கியது. அது 33 என்று காட்டியது. நானும் நிம்மதியாக வேலைக்குப் போய்விட்டேன். கீழே, குஞ்சுகளின் முதுகு இருக்கும் உயரத்தில், வெப்பம் அதைவிட மிகவும் கூடுதலாக இருந்திருக்கிறது. பெட்டியும் சிறியது, விலகிப் போக இடமில்லை. மாலையில் திரும்பியபோது ஒன்று இறந்து கிடந்தது. மற்றவை மூலையில் அலகைத் திறந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தன. வெப்பமானியைத் தரையில் கிடத்துங்கள், விளக்கின் நேர் கீழே ஒரு முறையும் எதிர்ப்பக்கத்தில் ஒரு முறையும் அளந்து பாருங்கள். முடிந்தால் முதல் நாள் முழுவதும் வீட்டில் இருங்கள்.

மகளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் என் மகனிடம், குஞ்சு வேறு வீட்டுக்குப் போய்விட்டது என்று பொய் சொன்னேன். அவன் பல நாள் அது எப்போது திரும்பி வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அடுத்த முறை ஒன்று இறந்தபோது உண்மையைச் சொன்னேன். இருவரும் சேர்ந்து குழி தோண்டிப் புதைத்தோம். அன்று அழுதான், மறுநாள் மற்றக் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கத் தானாகவே வந்தான். நன்கு நடத்தப்படும் பெரிய பண்ணைகளில்கூட முதல் வாரத்தில் நூற்றுக்கு ஒரு குஞ்சாவது இறக்கக்கூடும் என்று எதிர்பார்க்கவே செய்கிறார்கள். சில குஞ்சுகள் முட்டையிலிருந்தே நலிந்து வருகின்றன. அப்படி ஒன்று போனால் அதற்கு நீங்கள் பொறுப்பல்ல.

மறுமொழி 3

வணக்கம் அம்மா. கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். வெப்பத்தைப் பற்றி மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். நோயையும் குழந்தையையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

குஞ்சுகளை வாங்கும்போதே நிதானமாகப் பாருங்கள். கண் பளிச்சென்று திறந்திருக்க வேண்டும், தானாக எழுந்து நிற்க வேண்டும், எச்சவாய் சுத்தமாக இருக்க வேண்டும், வயிற்றில் தொப்புள் வறண்டு மூடியிருக்க வேண்டும். தொப்புள் ஈரமாகவோ சிவந்து வீங்கியோ, வயிறு கொழகொழவென்றோ இருக்கும் குஞ்சை, எவ்வளவு இரக்கம் தோன்றினாலும், முதன்முறை வளர்ப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்தெந்தத் தடுப்பூசிகள் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோழிகளின் கால்களை முடக்கிவிடும் மாரெக்ஸ் நோய்க்கான தடுப்பூசி பொரித்த நாளிலேயே பொரிப்பகத்தில் போடப்படுவது. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய்க்கான சொட்டு மருந்தை முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடுவார்கள். உங்கள் பகுதியில் அது தேவையா, எந்த நாளில் என்பதை அருகிலுள்ள கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தீவனம் குஞ்சுகளுக்கென்றே தயாரிக்கப்பட்டதாக, 18 முதல் 20 விழுக்காடு புரதம் உள்ளதாக இருக்கட்டும். முட்டைக்கோழித் தீவனம் கைவசம் இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடக் கூடாது. ஓடு உருவாவதற்காக அதில் சேர்க்கப்படும் சுண்ணாம்புச் சத்து, குஞ்சுத் தீவனத்தில் இருப்பதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. குஞ்சின் சிறுநீரகம் அதைத் தாங்காது. இரவு விளக்கைச் சரிபார்க்கும்போது குஞ்சின் கழுத்துக்குக் கீழே, மார்பின் வலப்பக்கத்தில் உள்ள தீனிப்பையை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஊறிய கடலையைப் போல மெத்தென்று நிறைந்திருந்தால் அது தின்றும் குடித்தும் இருக்கிறது. கல் போல இருந்தால் தண்ணீர் போதவில்லை. வெறுமையாக இருந்தால் அந்தக் குஞ்சை அன்றிரவே தனியே கவனிக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம்வரை இரத்தக் கழிச்சல் வரக்கூடிய காலம். எய்மீரியா என்ற ஓரணு உயிரி குடலைத் தாக்குவதால் வருவது அது. ஈரமான கூளத்தில்தான் அது பெருகும். ஆகவே தண்ணீர்த் தட்டைச் சுற்றியுள்ள நனைந்த கூளத்தை நாள்தோறும் அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். பெட்டிக்குள் தலையைத் தாழ்த்தினால் காரநெடி மூக்கில் ஏறுகிறது என்றால் மாற்றுவதற்குத் தாமதமாகிவிட்டது என்று பொருள். எச்சத்தில் இரத்தம் கண்டாலோ, குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி ஒதுங்கி நின்றாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். உரிய நேரத்தில் கொடுத்தால் ஆம்புரோலியம் நல்ல பலன் தரும். அதே மருந்து கலந்த தீவனமும் கிடைக்கிறது. ஆனால் இரத்தக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து ஏற்கெனவே கொடுக்கப்பட்ட குஞ்சுக்கு அது வேண்டாம், தடுப்பு மருந்தின் பயனை அது கெடுத்துவிடும். வருமுன் காக்கிறேன் என்று தண்ணீரில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலக்காதீர்கள்.

உங்கள் மகளைப் பற்றி. பார்ப்பதற்கு முழு நலத்தோடு இருக்கும் குஞ்சும் மனிதருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கோழிக்குஞ்சுகளைக் கையில் எடுக்க வேண்டாம் என்பதே அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் விடுக்கும் அறிவுரை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், பெயர் சொல்லி அழைக்கட்டும், தீவனம் தீர்ந்துவிட்டது என்று உங்களுக்கு அறிவிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளட்டும். தொட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். குஞ்சை முத்தமிடுவதும் முகத்தோடு ஒட்டி வைத்துக்கொள்வதும் பெரியவர்களுக்கும் கூடாது. பெட்டியைச் சமையலறையில் வைக்க வேண்டாம்; தட்டுகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர், ஞாயிற்றுக்கிழமை காலை

அக்காவுக்கும், இரண்டாவதாக எழுதியவருக்கும், ஐயாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வெள்ளிக்கிழமை இரவே செய்தித்தாளை எடுத்துவிட்டு மரச்சீவலும் துணியும் விரித்தேன். விளக்கைச் சங்கிலியில் தொங்கவிட்டு மறுகட்டும் போட்டேன். வெப்பமானியைத் தரையில் வைத்தபோது சுவரில் காட்டியதைவிட 6 டிகிரி கூடுதலாகக் காட்டியது. அதைக் கண்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. விளக்கை ஒரு சாண் உயர்த்தினேன்.

ஆறும் வந்துவிட்டன, ஆறும் நலம். பெட்டியைத் திறந்ததும் உள்ளங்கையில் முதல் குஞ்சை ஏந்தியபோது அதற்கு எடையே இல்லை என்று தோன்றியது. ஆனால் அதன் இதயம் விரல்களுக்கிடையில் அடித்துக்கொண்ட வேகம் என் கை முழுவதும் தெரிந்தது. அலகின் நுனியில் வெள்ளையாக ஒரு முள் போல இருந்தது. அடிபட்டுவிட்டதோ என்று பதறினேன். முட்டையோட்டை உடைப்பதற்காக இருக்கும் பல் அது, சில நாளில் தானே விழுந்துவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அலகை நனைத்ததும் தலையை அண்ணாந்து விழுங்கியது. நான்காவது குஞ்சை எடுப்பதற்குள் மற்ற மூன்றும் கூழாங்கற்களுக்கு நடுவில் கொத்திக் குடித்துக்கொண்டிருந்தன.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன். அக்கா சொன்னதுபோலவே ஒன்று முகம் குப்புறக் கிடந்தது. சொல்லியிருக்காவிட்டால் அலறியிருப்பேன். குனிந்து முதுகைப் பார்த்தேன், மூச்சு ஓடியது. பெட்டியைத் தட்டக்கூட இல்லை. அப்படியே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்ப் படுத்தேன், உடனே உறங்கிவிட்டேன்.

ஒரே ஓர் ஐயம். இன்று காலை ஒரு குஞ்சின் பின்புறத்தில் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. இதைத்தான் அடைப்பு என்கிறார்களா? பிய்த்து எடுத்துவிடலாமா?

மறுமொழி 1, அதே நாள்

பிய்க்க வேண்டாம், சகோதரி. பிய்த்தால் மென்தூவியும் தோலும் சேர்ந்து வந்துவிடும். பஞ்சையோ மென்துணியையோ வெதுவெதுப்பான நீரில் நனைத்து அந்த இடத்தின்மேல் ஓரிரு நிமிடம் வைத்திருங்கள். காய்ந்தது ஊறி இளகியபின் மெல்லத் துடைத்தால் வந்துவிடும். ஒரே தடவையில் வராவிட்டால் மறுபடியும் நனையுங்கள், அவசரப்படாதீர்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்தபின் பெட்டிக்குள் விடுங்கள். ஈரத்தோடு விட்டால் குளிரில் வாடும். துடைத்த இடத்தில் வாசலினை மிக மெல்லிதாகத் தடவினால் மறுபடி ஒட்டுவது குறையும்.

ஓர் எச்சரிக்கை மட்டும். எச்சவாய்க்குக் கீழே, வயிற்றுப் பக்கத்தில், கருத்துக் காய்ந்த சிறு நூல்போல ஒன்று இருந்தால் அது தொப்புள்கொடியின் மிச்சம். அதையும் எச்சம் என்று நினைத்து இழுத்துவிட்டால் குடல் வெளியே வரக்கூடும். வால் அடியில் எச்சம் வெளிவரும் இடம்தான் எச்சவாய். கை வைக்கும் முன் இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பயணக் களைப்பினாலும், வெப்பம் கூடியோ குறைந்தோ போவதாலும், தண்ணீர் போதாததாலும் முதல் வாரத்தில் இது வருவது இயல்பு. ஒரு வாரம்வரை காலையும் மாலையும் ஆறையும் திருப்பிப் பார்த்துவிடுங்கள். எச்சம் வெளிவரும் வழி முழுவதும் அடைத்துக்கொண்டால்தான் உயிருக்கு ஆபத்து. நீங்கள் முதல் நாளிலேயே கண்டுவிட்டீர்கள்.

கேள்வி கேட்டவர், நான்காம் வாரம்

அந்தக் குஞ்சு அன்று மாலையே துள்ள ஆரம்பித்துவிட்டது. இன்று ஆறிலும் அதுதான் பெரியது. மென்தூவி உதிர்ந்து சிறகும் வாலும் முளைத்துவிட்டன. நேற்று ஒன்று பெட்டியின் விளிம்பில் ஏறி நின்றது. இப்போது வெளியில் விடலாமா? இரவில் விளக்கு இன்னும் வேண்டுமா?

மறுமொழி 2

மகிழ்ச்சியாக இருக்கிறது. பெட்டியின்மேல் இன்றே வலையைப் போட்டு மூடிவிடுங்கள், அல்லது அவற்றைப் பெரிய இடத்துக்கு மாற்றிவிடுங்கள். இந்த வயதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சதுர அடியாவது வேண்டும், இடம் போதாமல் போனால் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். வெயில் இதமாகவும் காற்று அடங்கியும் இருக்கும் பகல் வேளையில், சுற்றிலும் மேலேயும் வலையிட்ட இடத்தில், முதலில் அரை மணி நேரம், பிறகு சற்றுக் கூடுதலாக விட்டுப் பழக்கலாம். புல்லும் பூச்சியும் தின்னத் தொடங்கியதும் ஒரு கிண்ணத்தில் பருமணலை வையுங்கள். பல் இல்லாத பறவை அரைவைப்பையில் உள்ள கற்களைக் கொண்டுதான் தீனியை அரைக்கிறது.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். நம் கால் அப்படியில்லை. வெளியே விட்டதும் அவை நேராக உங்கள் காலடிக்குத்தான் ஓடிவரும், பின்னால் நிற்பது தெரியவே தெரியாது. காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்து பழகுங்கள், மகளுக்கும் அப்படியே சொல்லிக்கொடுங்கள்.

முழுதாக இறகு மூடுவதற்கு ஐந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை இரவில் உள்ளேதான் இருக்க வேண்டும். அறை 21 டிகிரிக்குக் குறையாவிட்டால் விளக்கு வேண்டாம், குறைந்தால் உயர்த்தி வைத்துப் போடுங்கள். ஆறாம் வாரத்தில் வெளிக்கூண்டுக்கு மாற்றும்போது, சாதாரணக் கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிரப் பகையை வெளியே நிறுத்தாது என்பதை நினைவில் வைத்து, அரை அங்குலக் கண்ணுள்ள வலுவான கம்பிவலையை அடிக்கச் சொல்லுங்கள். முதல் சில நாள் பொழுது சாய்ந்ததும் கூண்டுக்குள் போகத் தெரியாமல் வெளியிலேயே ஒரு மூலையில் குவிந்து படுத்துக்கொள்ளும். கைவிளக்கோடு போய் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்து, ஆறு என்று எண்ணிவிட்டுக் கதவைத் தாழிடுங்கள்; ஒரு வாரத்துக்குள் அவையே இருட்டுவதற்கு முன் உள்ளே போய்விடும்.